விழுங்கப்படும் ஆணிகளும் உணரப்படாத வேதனையும்

1929 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசூரி மாநில மனநோய் வைத்தியசாலையொன்றில் சத்திரசிகிச்சைக்குள்ளான பெண்ணொருவரின் வயிற்றிலிருந்து 1,446 பொருட்கள் அகற்றப்பட்டன. அவற்றுள் 453 ஆணிகள். அப்பெண் உயிர் பிழைக்கவில்லை.

சிறுவர்கள் தவறுதலாக விழுங்குவது வேறு. வளர்ந்தோர் மீண்டும் மீண்டும் விழுங்குவது வேறு. பின்னையதன் பின்னணியில் உளச்சிதைவு, ஆளுமைக் கோளாறு, அறிவு வளர்ச்சிக் குறைபாடு, மதுப்பழக்கம் என்பன பெரிதும் காணப்படுகின்றன. சிறைக்கைதிகளிடையேயும் இது பதிவாகியுள்ளது. மண் போன்ற உணவல்லாதவற்றை உண்ணும் வேட்கையுடன் இரும்புச்சத்துக் குறைபாடும் தொடர்புபட்டிருக்கலாம். முன்னர் ஒருமுறை வேண்டுமென்றே விழுங்கியவர் குறித்து விசேட அவதானம் தேவை.

விழுங்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை தாமாகவே வெளியேறிவிடுகின்றன. எனினும் கூரிய பொருட்களும் ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களும் குடலைத் துளைக்கக்கூடும். உணவுக்குழாயில் சிக்கும் பொத்தான் வடிவ பற்றரி இரண்டு மணித்தியாலங்களுக்குள்ளேயே கடும் புண்ணை உண்டாக்கலாம். எனவே, வாந்தியெடுக்கச் செய்யாது உடனடியாக வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதே உகந்தது.

பொருளை அகற்றுவதுடன் சிகிச்சை முற்றுப்பெறுவதில்லை. உளநல சிகிச்சையின்றி வீடு திரும்புபவர் மீண்டும் அதே கட்டிலுக்கு வரக்கூடும். 'வீம்புக்குச் செய்கின்றார்' என்ற ஏளனம் அவரைக் காப்பாற்றாது. விழுங்கியது என்ன என்பதோடு, ஏன் விழுங்கினார் என்பதையும் குடும்பத்தினரும் வைத்தியர்களும் கேட்டறிய வேண்டும் என்பதே நமது நிலைப்பாடாகும்.