மறைந்த நோயைக் காட்டும் படங்கள்

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலைக் கம்மாபுரத்தார் நன்கறிவர். சுட்டெடுத்த கலத்திற் கண்ணுக்குத் தோன்றாத விரிசல் இருப்பின், தட்டிப் பார்த்து ஓசையால் அதனை அறியலாம். மக்கள் உடம்பினுள்ளும் கண்ணுக்கெட்டாப் பழுதுகள் உண்டாகின்றன. அவற்றுள் மகளிரின் சிறுநீர்த்தாரையில் உண்டாவதொன்றை ஈண்டு ஆராய்வோம்.

சிறுநீர்ப்பையினின்று நீரை வெளியேற்றும் இக்குழாய், மகளிர்க்கு ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளமே உடையது. அதனைச் சூழ்ந்த சிறு சுரப்பிகளில் ஒன்று அடைபட்டுச் சீழ்கொண்டு, குழாயினுள் உடைந்து திறப்பின், ஆங்கொரு சிறு பை உண்டாகும். அதிற் சிறுநீர் தேங்கும். கழித்தெழுந்த பின்னும் துளித்தல், எரிச்சல், வலி, மீண்டும் மீண்டும் வரும் தொற்று ஆகியன இதன் குறிகள். இவை பிற நோய்களுக்கும் பொதுவாகலின், உண்மை புலப்படாமல் ஆண்டுகள் கழிதலும் உண்டு.

இதனை அறிய மூவகைப் படங்கள் உதவுகின்றன. முதலாவது, ராண்ட்கன் 1895-இல் கண்டறிந்த எக்ஸ் கதிர்ப் படம். சென்னையில் பார்னார்டு கதிரியக்க நிலையம் 1934-இல் நிறுவப்பெற்றமை நினைவுகூரத் தக்கது. சிறுநீர்ப்பையிற் கதிரை மறைக்கும் மருந்தை நிரப்பி, நோயாளி நீர் கழிக்கும்பொழுதே படம் எடுப்பர். ஆயின் பையின் வாய் குறுகி மருந்து உட்புகாவிடின், நோய் தப்பிவிடும். கருவுற்றார்க்கு இம்முறையை இயன்றவரை விலக்குவர்.

இரண்டாவது, செவிக்கெட்டா ஒலியைச் செலுத்தி அதன் எதிரொலியாற் படம் அமைக்கும் ஸ்கேன். கலத்தைத் தட்டியறிவதனோடு இதனை ஒப்பிடலாம். மூன்றாவது, காந்தமும் ரேடியோ அலைகளும் கொண்டெடுக்கும் எம்.ஆர்.ஐ. படம். பை எத்துணைப் பெரிது, குழாயை எவ்வளவு சூழ்ந்துள்ளது, வாய் எப்பக்கம் என்பவற்றை இது தெளிவாகக் காட்டுதலின், அறுவைச் சிகிச்சைக்கு முன் சிறந்த வழிகாட்டியாகின்றது. உடம்பில் உலோகக் கருவி பொருத்தப்பெற்றோர் அதனை முன்னரே கூறுதல் வேண்டும்.

எனினும், நோயாளி வாய் திறந்தாலன்றி எக்கருவியும் பயன்படாது. நம் பழைய தென்னார்க்காட்டு ஜில்லாவின் திண்டிவனத்தில், ஆண் மருத்துவர் தீண்டலாகாதென்று மறுக்கப்பட்டமையால் ஓரிரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மாண்டனர். அதனைக் கண்டு மனமுருகிய ஐடா ஸ்கடர் அம்மையார் மருத்துவம் பயின்று, 1918-இல் வேலூரில் மகளிர்க்கென மருத்துவப் பள்ளி நிறுவினார். இன்று பெண் மருத்துவர் பலர் உளர், கருவிகளும் உள. நாணம் ஒன்றே எஞ்சிய தடை. நம் தாயர்க்கும் தமக்கையர்க்கும் தங்கையர்க்கும் இதனை எடுத்துரைத்தல் கற்ற நம் கடனாம்.