டக்ஸ்ஃபோர்டில் பழைய போர் வண்டிகள்

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகருக்குத் தெற்கே, முதல் உலக யுத்த காலத்தில் அமைக்கப்பட்டு, 1938-ல் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் முதன்முதலாக ஒரு படைப்பிரிவின் கைக்கு வந்த ஸ்தலம் என்ற கீர்த்தியையும் பெற்று, 1961-ல் விமானப் படையார் வெளியேறியபின் சில வருஷங்கள் கேட்பாரற்றுக் கிடந்த டக்ஸ்ஃபோர்டு விமானத் தளம், இன்று இம்பீரியல் யுத்தப் பொருட்காட்சிசாலையின் கிளையாக விளங்குகிறது. அங்கே நடைபெற்றுவந்துள்ள ராணுவ வாகனக் காட்சிகளில், ஆகாயத்தை அண்ணாந்து பார்க்க வந்தவர்களும் சற்றுநேரம் பூமியைப் பார்க்கிறார்கள்.

ஜீப்பைப் பற்றி வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் உலக யுத்த காலத்தில் 6 லட்சத்துக்கும் அதிகமாக உற்பத்தியான வண்டி அது. ஆனால் அதன் பெட்ரோல் தொட்டி ஓட்டுபவரின் ஆசனத்துக்கு நேர் கீழே இருப்பதையும், பெட்ரோல் ஊற்ற அவர் எழுந்து ஆசனத்தைத் தூக்கி வழிவிட வேண்டியிருப்பதையும், அந்தத் தொட்டியின்மேல் அமர்ந்துதான் சிப்பாய்கள் போர்க்களத்துக்குள் போனார்கள் என்பதையும் அருகில் நின்று பார்க்கும்போதுதான் மனம் துணுக்குறுகிறது.

ஷெர்மன் டாங்கிக்கும் விமானத்துக்கும் நெருங்கிய பந்தமே உண்டு. அமெரிக்கா செய்த சுமார் 49,000 ஷெர்மன்களில் பலவற்றின் வயிற்றில் இருந்தது, ஒன்பது சிலிண்டர்கள் சக்கரத்தின் ஆரங்களைப்போல் சுற்றிலும் அமைந்த விமான எஞ்சின். வெகுநேரம் நின்றுவிட்டால் எண்ணெய் கீழ்ச் சிலிண்டர்களில் இறங்கித் தேங்கிவிடும் ஆதலால், எஞ்சினைக் கிளப்புமுன் பின்புறத்தில் கைப்பிடியைச் செருகி, வியர்க்க வியர்க்கச் சுற்ற வேண்டும். அத்தகைய ஷெர்மன் வந்திருக்கும் காட்சிக்குச் செல்பவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். டாங்கி ஓடுவதைவிட இந்த வைபவமே பார்க்கத் தக்கது.