ரத்தச் சீட்டைப் பார்த்துப் பயப்படலாமா?

திருப்பூணித்துறை:
மட்டாஞ்சேரி பஜாரில் சுமை தூக்கும் நண்பர் ஒருவர், போன மழைக்காலத்தில் என்னிடம் ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டை நீட்டினார்.

சளிக்காய்ச்சல்தான். ஆனால், டாக்டரைப் பார்க்கும் முன்பே இரண்டு நாள் கூலியைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டார்.

"சி.ஆர்.பி. கூடியிருக்கிறதே, பிழைப்பேனா அண்ணாச்சி?" என்றார்.

அது என்ன சி.ஆர்.பி.?

1930-ல் அமெரிக்காவின் ராக்பெல்லர் ஆராய்ச்சிக் கழகத்தில், நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர் கண்ட பொருள் இது. கிருமியாலோ காயத்தாலோ உடலில் அழற்சி உண்டானால், கல்லீரல் இதை அதிகமாகச் சுரக்கும். சளிக்காய்ச்சலிலும் ஏறும், பல் சீழ் பிடித்தாலும் ஏறும்.

யாருக்கு உதவும்?

கேரளத்தின் முதல் கொரோனா மரணம், 2020 மார்ச் 28-ல் களமசேரி அரசு மருத்துவக் கல்லூரியில் நேர்ந்தது. இறந்தவர் மட்டாஞ்சேரிக்காரர். அந்த நோய்க் காலத்தில் ஆஸ்பத்திரியில் படுத்தவர்களுக்கு சி.ஆர்.பி., டி-டைமர், பெரிட்டின் ஆகியவற்றை டாக்டர்கள் அளந்தார்கள். பிரிட்டனில் நடந்த பெரிய சோதனையில், ஆக்சிஜன் குறைந்து, சி.ஆர்.பி.யும் 75-ஐ எட்டியவர்களுக்கு டோசிலிசுமாப் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், மரணம் குறைந்தது.

லேசான நோய்க்காரர்கள் கதை வேறு. ஆக்சிஜன் சரியாக இருந்தால், டாக்டர் சொல்லாமல் இந்தச் சோதனைகள் வேண்டாம். வீண் பீதிதான் மிஞ்சும் என்று 2021 மே மாதம் எச்சரித்தார், அப்போது டெல்லி எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ரண்தீப் குலேரியா.

மூச்சு வாங்கினாலோ, ஆக்சிஜன் 94-க்குக் கீழே இறங்கினாலோ சீட்டுக்குக் காத்திராமல் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நண்பர் நான்காம் நாளே மூட்டை தூக்கப் போய்விட்டார். போன கூலிதான் திரும்பவில்லை.