சருகில் சிக்கிய சீசியம்

2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலைக் கட்டடங்கள் வெடித்தபின், கூரைகளைக் கழுவினார்கள். பள்ளி மைதானங்களிலும் வயல்களிலும் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தார்கள். ஆனால், அந்த மாகாணத்தில் சுமார் 70 சதவீதம் காடு. அங்கே வீடுகளை ஒட்டிய 20 மீட்டர் அளவுக்குச் சருகை வாரியதோடு பெரும்பாலும் நிறுத்திக்கொண்டார்கள். அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. மலைச்சரிவில் சருகை வழித்தெடுத்தால் அடுத்த மழைக்கு மண்ணே சரிந்து வரும்.

அப்படியானால் காட்டில் விழுந்த கதிரியக்கச் சீசியம்-137 என்ன ஆனது?

மார்ச்சில் ஓக் மரங்கள் இலையுதிர்ந்து மொட்டையாக நின்றன. அதனால் பெரும்பங்கு நேரே தரைச் சருகிலும் மரப்பட்டையிலும் படிந்தது. பசுமை மாறாத சுகி எனும் ஜப்பானிய ஊசியிலை மரங்களோ அதைத் தலையிலேயே பிடித்துவைத்து, மழையோடும் உதிரும் இலையோடும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கின. சருகு மட்க மட்க, சீசியம் மண்ணுக்குள் போனது. போனதும் வெகு ஆழம் இல்லை. பெரும்பகுதி மேல் 5 சென்டிமீட்டரிலேயே நின்றுவிட்டது.

அதை நிறுத்தியது களிமண். அபிரக வகைக் களித்துகள், அப்பளக் கட்டுபோல மெல்லிய அடுக்குகளால் ஆனது. சிதைந்து விரிந்த அதன் ஓரங்களில் நுழையும் சீசியத்தை அடுக்குகள் இறுக்கிக்கொள்ளும். பிறகு எளிதில் விடுவதில்லை. ஓடைகள் ஆண்டுதோறும் அடித்துச் செல்வது ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான்.

ஐரோப்பாவின் குளிர்க்காடுகளில் கதையே வேறு. அங்கே ஊசியிலைச் சருகு மெதுவாக மட்கும். அமிலம் மிகுந்த மட்குப்படலம் தடிமனாகச் சேரும். அதில் களிமண் சொற்பம். இறுக்கிப் பிடிக்க ஆளில்லாததால் சீசியம் அந்தப் படலத்துக்குள்ளேயே சுற்றிவருகிறது. வேதியியலில் அது பொட்டாசியத்தின் உறவு என்பதால் வேர்களும் பூஞ்சை இழைகளும் ஏமாந்து உறிஞ்சிக்கொள்கின்றன. ஜெர்மனியின் பவேரியாவில் காட்டுப்பன்றிகள் குளிர்காலத்தில் மண்ணைக் கிளறி, நிலத்தடிக் காளான்களைத் தின்னும். செர்னோபில் அணு உலை விபத்து நடந்து 35 ஆண்டு கழித்தும் பல பன்றிகளின் இறைச்சி, கிலோவுக்கு 600 பெக்கரல் என்ற கதிரியக்க வரம்பைத் தாண்டியது. அந்தச் சீசியத்தில் கணிசமான பங்கு செர்னோபிலிலிருந்து வந்ததல்ல, அதற்கும் முந்தைய அணுகுண்டுச் சோதனைகளின் எச்சம் என்று 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது.

களிமண் பிடித்துவைத்தாலும் ஃபுகுஷிமாவின் மரங்கள் முழுதாகத் தப்பவில்லை. அங்கிருந்து ஓக் கட்டைகள் ஒருகாலத்தில் ஜப்பானின் பல பகுதிகளுக்கு ஷிடாகே காளான் வளர்க்கப் போயின. இப்போது கிலோவுக்கு 50 பெக்கரலைத் தாண்டிய கட்டையை அதற்குப் பயன்படுத்தக் கூடாது. சீசியம்-137-இன் அரை ஆயுள் 30 ஆண்டு. 2041-லும் அதில் பாதி மிச்சமிருக்கும்.