மலையிறங்கும் மாடுகள்: சுவிஸ் இலையுதிர்கால விழாக்களும் மேய்ச்சல் தரையின் கணக்கும்

செப்டம்பர் நடுப்பகுதியிலிருந்து ஒக்டோபர் முடியும்வரை சுவிற்சர்லாந்தின் மலைக்கிராமங்களில் அநேகமாக ஒவ்வொரு வார இறுதியிலும் ஏதாவதொரு விழா நடக்கும். தலையில் பூமுடியும் கழுத்தில் பெரிய மணியுமாக மாடுகள் ஊர்வீதியால் இறங்கி வரும். இரு மருங்கிலும் சனம் நிற்கும். சீஸ், பாண், சுட்ட மரோனிக் கொட்டை என்று சந்தை களைகட்டும். எம்மவர்களில் பலர் முப்பது, நாற்பது ஆண்டுகளாக இந்த நாட்டில் வாழ்கிறார்கள். ஆனாலும் இவ்விழாக்களைத் தொலைக்காட்சியில் பார்த்ததோடு சரி. வெளிநாட்டுப் பயணிகளுக்காக நடத்தப்படும் ஒரு காட்சி என்றே அநேகமானோர் எண்ணுகிறோம்.

உண்மையில் இது ஓர் ஊர் தன் பொதுமேய்ச்சல் நிலத்தின் ஆண்டுக்கணக்கை முடிக்கும் நாள். வயலும் பட்டியும் தெரிந்த சமூகத்திலிருந்து வந்த எமக்கு அதை விளங்கிக்கொள்வது கடினமல்ல. இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கு ஊரைப்பற்றிச் சொல்லவும் இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

மாடுகள் ஏன் மலைக்குப் போகின்றன?

மலைநாட்டு விவசாயியின் முதற் கவலை குளிர்காலம். ஏறக்குறைய அரை ஆண்டுக்கு மாடு தொழுவத்தில் நிற்கும். அதற்கு வேண்டிய புல்லைக் கோடையிலேயே வெட்டி, காயவைத்து, சேமிக்க வேண்டும். பள்ளத்தாக்கில் புல் விளையும் நிலம் குறைவு. அங்கேயே மாடுகளை மேயவிட்டால் குளிர்காலத்துக்கு எதுவும் மிஞ்சாது. ஆகவே கோடை தொடங்கியதும் மாடுகள் மேலே ஏற்றப்படுகின்றன. பல இடங்களில் இது இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் நடுமலையில் உள்ள மேய்ச்சல் நிலம். பனி நன்றாக உருகியபின் அதற்கும் மேலே உள்ள 'அல்ப்'. கீழே மாடில்லாத புல்வெளியில் விவசாயி புல் வெட்டுவார். மேலே மாடுகள் மேய, மேய்ப்பர்கள் பால் கறந்து அங்கேயே சீஸ் செய்வார்கள்.

இந்தக் கோடைக்காலம் ஏறக்குறைய நூறு நாட்கள். அரச கணக்கிலும் அதுவே அளவு. ஒரு வளர்ந்த மாடு நூறு நாட்கள் மேய்வது 'நோர்மால்ஸ்டோஸ்' எனப்படும் ஓர் அலகு. ஒவ்வொரு அல்ப்புக்கும் இத்தனை அலகுதான் என்று வரையறை உண்டு. புல் குறையத் தொடங்கி, இரவில் உறைபனி விழும் வேளையில் மாடுகள் இறக்கப்படும். ஜேர்மன் பேசும் பகுதிகளில் இதனை 'அல்ப்அப்சுக்' அல்லது 'அல்ப்அப்ஃபார்ட்' என்பார்கள். பிரெஞ்சு பேசும் பகுதிகளில் 'தேசால்ப்'. மலையேற்றம், சீஸ் செய்தல், மலையிறக்கம் எல்லாம் சேர்ந்த இந்தக் கோடைகாலப் பண்பாட்டை 2023 டிசம்பரில் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச்செல்வப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

பூமுடிக்குள் ஒரு செய்தி

மாடுகளுக்குச் சூட்டப்படும் பூக்களை வெறும் அலங்காரம் என்று பார்க்கக்கூடாது. கோடை முழுவதும் மேலே விபத்தோ சாவோ நேரவில்லை என்பதன் அறிவிப்பு அது. மேய்ப்பர் குடும்பத்தில் ஒருவரோ மந்தையில் ஒரு மாடோ இறந்திருந்தால் பூச்சூடாமல் இறங்குவதே பல ஊர்களின் வழக்கம். சாவு நடந்த வீட்டில் அந்த ஆண்டு பொங்கலோ தீபாவளியோ கொண்டாடாத எமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. ஊர்வலத்தில் ஒரு மந்தை பூவில்லாமல் வந்தால், அந்தக் குடும்பத்தின் கோடை எப்படிப் போயிற்று என்பதைச் சற்று எண்ணிப்பாருங்கள்.

எல்லா இடத்திலும் ஒரே முறை இல்லை. அப்பன்செல் பகுதியில் முதலில் வெள்ளை ஆடுகளும், மரபுடை அணிந்த சிறுவர் சிறுமியரும் வருவார்கள். பின்னால் மஞ்சள் தோற்காற்சட்டை அணிந்த தலைமை மேய்ப்பர், அவருக்குப் பின் பெரிய மணி தாங்கிய மூன்று பசுக்கள், அதன் பின் மந்தை. அங்கே பூவைவிட மணிக்கும் வரிசைக்குமே மதிப்பு. மணியிலும் இரு வகை உண்டு. வார்த்துச் செய்தது ஒன்று, இரும்புத் தகட்டை அடித்துச் செய்தது மற்றது. ஊர்வலத்துக்கான பெரிய மணிகள் பல கிலோ எடை கொண்டவை. அன்றாட மேய்ச்சலுக்குச் சிறியவற்றையே கட்டுவார்கள்.

சீஸ் பங்கிடும் நாள்

பேர்ண் மாநிலத்தில் தூன் ஏரிக்கு மேலே சிக்ரிஸ்வில் அருகே யுஸ்திஸ்தால் என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே செப்டம்பரில் 'கேஸ்தைலெட்' நடக்கும். 'கேஸ்' என்றால் சீஸ், 'தைலெட்' என்றால் பங்கிடுதல். கோடையில் பல விவசாயிகளின் மாடுகள் ஒன்றாக மேய்கின்றன. பாலும் ஒன்றாகவே காய்ச்சப்படுகிறது. யாருடைய மாடு எவ்வளவு பால் தந்தது என்ற கணக்கு மட்டும் தனித்தனியே இருக்கும். ஒரு கிலோ சீஸுக்கு ஏறக்குறைய பத்து லீற்றர் பால் வேண்டும். பருவம் முடிந்ததும் சீஸ் வட்டங்களைக் களஞ்சியத்தின் முன் அடுக்கி, பால் கணக்கின்படி பங்கு பிரித்து, எந்த அடுக்கு யாருக்கு என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானிப்பார்கள். நல்ல சீஸை எனக்கும் சுமாரானதை உனக்கும் என்று ஒருவரும் ஒதுக்க முடியாது. கணக்கு முடிந்தபிறகே மாடுகள் பூச்சூடி இறங்கும்.

இந்த ஒழுங்கு நேற்று வந்ததல்ல. வலே மாநிலத்தில் தோர்பெல் என்ற கிராமத்தின் மக்கள் 1483இல் தமது அல்ப்பை நிர்வகிக்க எழுத்து மூலம் ஒரு சங்கம் அமைத்தார்கள். 1517இல் அவ்வூரில் ஒரு விதி எழுதப்பட்டது: குளிர்காலத்தில் எத்தனை மாடுகளுக்குச் சொந்தப் புல்லால் தீனி போட முடியுமோ, அத்தனை மாடுகளை மட்டுமே ஒருவர் பொது அல்ப்புக்கு அனுப்பலாம். பணமுள்ளவர் கோடையில் வெளியிலிருந்து மாடு வாங்கிவந்து பொதுப்புல்லை மேயவிட முடியாது. மானிடவியலாளர் ரொபேர்ட் நெட்டிங் இக்கிராமத்தை ஆராய்ந்தார். பொதுநிலத்தை மக்களிடம் விட்டால் அவர்கள் அதை அழித்துவிடுவார்கள் என்ற வாதத்தை மறுத்த எலினோர் ஒஸ்ட்ரம், தோர்பெல்லைத் தமது சான்றுகளில் ஒன்றாக எடுத்துக்காட்டினார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதற் பெண் அவர்.

எமது பட்டிகளின் கதை

இதை வாசிக்கும்போதே மட்டக்களப்பு உறவுகளுக்கு ஊர் நினைவு வந்திருக்கும். அங்கே பெரும்போக விதைப்புத் தொடங்குமுன் மாடுகள் வயல்வெளியை விட்டுப் போக வேண்டும். அவை மயிலத்தமடு, மாதவனை போன்ற மேய்ச்சல் தரைகளுக்குச் சாய்த்துக்கொண்டு போகப்படும். அறுவடை முடிந்ததும் வயலின் தாள் மேயத் திரும்பும். சுவிஸ் மாடு குளிர்காலப் புல்லுக்கு இடம் விட்டு மலையேறுகிறது. எங்கள் மாடு நெல்லுக்கு இடம் விட்டுக் காட்டோரம் போகிறது. பயிரும் மாடும் ஒரே நிலத்தை நம்பியிருக்கும் ஊர்கள் இரண்டும் ஒரே தீர்வைத்தான் கண்டிருக்கின்றன. தைப்பொங்கலுக்கு மறுநாள் பட்டிப்பொங்கலில் மாட்டுக்கு மாலை போடுவதும், இங்கே பூமுடி சூட்டுவதும் ஒரே நன்றியின் இரு வடிவங்கள்.

வேறுபாடு நிலத்தின் உரிமையில் இருக்கிறது. தோர்பெல் விவசாயியின் உரிமை எழுதப்பட்டு ஐந்து நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. மயிலத்தமடு, மாதவனை மகாவலி அதிகாரசபையின் ஆளுகைக்குள் வரும் நிலம். அயல் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் மேய்ச்சல் தரையைப் பிடித்துப் பயிர்செய்வதாகவும், தமது மாடுகள் கொல்லப்படுவதாகவும் பண்ணையாளர்கள் முறையிட்டார்கள். 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். சுவிஸ் மலைகளில் மாடுகள் பூச்சூடி இறங்கும் அதே மாதம் அது. மேய்ச்சல் தரை என்றால் என்ன, அதற்கு ஏன் போராட வேண்டும் என்று இங்கே வளரும் பிள்ளைக்கு வார்த்தையால் விளக்குவது கடினம். ஊர்வலம் ஒன்றைக் காட்டியபின் விளக்குவது இலகு.

மற்ற விழாக்கள்

மாடு இறங்கியபின்னும் பருவம் முடிவதில்லை. பிரிபோர்க் மாநிலத்தில் 'பெனிஷோன்' என்ற நன்றித் திருவிழா நடக்கும். அதன் அடையாளம் குங்குமப்பூ சேர்த்த 'குஷோல்' என்னும் மஞ்சள் நிறப் பாண். ஒப்வால்டன், நிட்வால்டன் பகுதிகளில் மேய்ப்பர்கள் இலையுதிர்காலத்தில் 'எல்ப்லர்கில்பி' கொண்டாடுகிறார்கள். காலையில் தேவாலயத்தில் நன்றி வழிபாடு. பிறகு பாசியும் இலையும் போர்த்த காட்டுமனிதனும் காட்டுப்பெண்ணும் வீதியில் பிள்ளைகளைத் துரத்துவார்கள்.

தெற்கே திச்சீனோவில் ஒக்டோபர் மரோனிக் காலம். தானியம் குறைந்த அந்த மலைகளில் ஏழைகளின் குளிர்கால உணவு பல நூற்றாண்டுகளாக இந்தக் கொட்டைதான். அங்கும் பொதுநிலம் பற்றிய ஒரு பழைய வழக்கு இருந்தது. ஊர்ப்பொது நிலத்தில் நிற்கும் மரத்துக்கு ஒரு குடும்பம் உரிமை கொண்டாடலாம், நிலம் ஊருடையதாகவே இருக்கும். வலே பகுதியில் சுட்ட மரோனியைச் சீஸுடன் சேர்த்து உண்ணும் 'பிரிசோலே' விருந்தும் இதே காலத்தில்தான்.

போக விரும்புவோருக்கு

பிரிபோர்க்கின் சார்மே கிராமத்தில் செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமையும், லுட்சேர்ன் மாநிலத்தின் என்ட்லெபூக் பகுதியில் சூப்ஃபைமில் செப்டம்பர் பிற்பகுதிச் சனிக்கிழமை ஒன்றிலும் பெரிய ஊர்வலங்கள் நடக்கும். மலையில் முன்கூட்டியே பனி விழுந்தால் மாடுகள் நாள் பார்க்காமல் இறங்கிவிடும். எனவே புறப்படுமுன் அந்தந்தக் கிராமத்தின் அறிவித்தலைப் பாருங்கள். வாகனம் நிறுத்த இடம் கிடைப்பது கடினம், தொடருந்தே நல்லது. 'யூனியர்' அட்டை எடுத்தால் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தாய் அல்லது தந்தையுடன் மேலதிகப் பயணச்சீட்டின்றிச் செல்லலாம்.

கீழே நகரம் மூடுபனியில் கிடக்கிறது என்று பயணத்தைக் கைவிட வேண்டாம். இலையுதிர்காலத்தில் பாரமான குளிர்காற்று யூரா மலைக்கும் அல்ப்ஸுக்கும் இடைப்பட்ட தாழ்நிலத்தில் தேங்கிவிடும். அதற்கு மேலே ஏறினால் பல நாட்களில் நல்ல வெயில். ஆனால் நிழலில் குளிரும், சூரியன் மலைக்குப் பின்னால் மறைந்ததும் இன்னும் குளிரும். பிள்ளைகளுக்குக் குளிர்ச்சட்டை கட்டாயம்.

மாடுகள் வரும்போது வீதியோரம் நில்லுங்கள். படம் எடுக்க முன்னால் ஓடவோ, குடையை விரிக்கவோ கூடாது. மேய்ச்சல் நிலத்துக்குள் நடக்கும் பாதையில் கன்றுடன் நிற்கும் தாய்ப்பசுவை விட்டு விலகிப் போங்கள், நாய் இருந்தால் இன்னும் தூரமாக. கைக்குழந்தையின் காதை மணியோசையிலிருந்து காப்பதும் நல்லது.

உணவு பற்றி ஒரு சொல். இவ்விழாக்கள் பெரும்பாலும் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் வருகின்றன. விரதகாரருக்குச் சுட்ட மரோனியும் பழங்களும் தாராளமாகக் கிடைக்கும். மரபான மலைச்சீஸ்களில் பாலை உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து பெறும் உறைபொருளைச் சேர்ப்பார்கள் என்பதைக் கடுமையான சைவ உணவுக்காரர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மற்றவர்கள் வோ மாநிலத்தின் 'லெத்திவா' சீஸைத் தேடி வாங்கலாம். மே 10 முதல் ஒக்டோபர் 10 வரை மட்டும், மலைக்குடிலில் விறகு நெருப்பில் செய்யப்படுவது அது.

எங்கள் வீடுகளில் இப்போது பாட்டன் பாட்டியாக இருப்பவர்களில் பட்டி பார்த்தவர்கள், குறிசுட்ட மாட்டைத் தூரத்திலேயே அடையாளம் கண்டவர்கள், மணியோசையை வைத்தே மந்தை எங்கே நிற்கிறது என்று சொன்னவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சுற்றுலா என்றால் அவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போவதே எமது வழக்கம். இந்தப் பயணத்துக்கு அவர்களைக் கூட்டிச்செல்லுங்கள். ஊர்வலம் ஏன், எதற்கு என்று பேரப்பிள்ளை கேட்கும்போது, நாங்கள் வாசித்துச் சொல்வதைவிட அதிகமாக அவர்களுக்குச் சொல்லத் தெரியும்.