சுற்றுவழியில் சீக்கிரம் போன விமானம்

வீட்டில் உலக உருண்டை இருக்கிறதா? ஒரு நூலை எடுத்து, டில்லிக்கும் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவே இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் வட துருவத்தை ஒட்டிப் போகும். அதுதான் மிகக் குறுக்கு வழி. சுமார் 12,400 கிலோமீட்டர்.

ஏர் இந்தியா 2015இல் இந்தப் பயணத்தைத் தொடங்கியபோது விமானம் மேற்கே, அட்லாண்டிக் வழியாகப் போனது. தூரம் ஏறக்குறைய 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் அதைக் கிழக்கே, பசிபிக் வழியாக அனுப்பினார்கள். தூரம் 15,300 கிலோமீட்டராகக் கூடிவிட்டது. ஆனால் பயணம் பதினான்கரை மணி நேரத்தில் முடிந்தது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம்!

பின்னாலிருந்து தள்ளிவிட்டது ஜெட் காற்று. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஆறு போல ஓடும் காற்று அது. ஏன் கிழக்கே? பூமத்திய ரேகையில் பூமி மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே சுழல்கிறது. வடக்கே போகப் போக இந்த வேகம் குறையும். சூடாகி மேலெழுந்த காற்று வடக்கே நகரும்போது பழைய வேகத்தையும் கூடவே எடுத்துப் போகிறது. கீழே சுழலும் தரையை முந்திவிடுகிறது. இது ஒரு முக்கியக் காரணம்.

இந்தக் காற்று நாளுக்கு நாள் வளையும், இடம் மாறும். அதனால் ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக வழி போட வேண்டும். அவ்வளவு உயரத்துக் காற்றை எப்படி அளப்பது?

செகந்திராபாத் மாரெட்பள்ளிப் பிள்ளைகளுக்கு விடை பக்கத்திலேயே, பேகம்பேட்டையில் இருக்கிறது. அங்கிருந்து வானிலைத் துறையினர் ஹைட்ரஜன் அடைத்த ரப்பர் பலூனைப் பறக்கவிடுகிறார்கள். அதில் தொங்கும் சின்னப் பெட்டி, போகிற வழியெல்லாம் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளந்து ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும். பலூன் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதை வைத்துக் காற்றைக் கணக்கிடுவார்கள். மேலே போகப் போகப் பலூன் உப்பிப் பெருத்து, சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்துவிடும். தன் வேலையை முடித்துவிட்டுத்தான் வெடிக்கிறது. எனக்கு அதன்மேல் தனி மரியாதை உண்டு. உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களிலிருந்து இப்படிப் பலூன்கள் ஏறுகின்றன. அவை தரும் கணக்கும் விமானிகளின் வழித்திட்டத்துக்குள் போய்ச் சேர்கிறது.

நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம், 1958இல் இன்னொரு ஜெட் காற்றைப் பற்றி எழுதினார். அது எதிர்த்திசையில் ஓடுவது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், தென்னிந்தியாவுக்கு மேலே சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்கே பாய்கிறது. பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் பறக்கின்றன. பலூனுக்கோ அதைத் தாண்டாமல் வழியில்லை. ஜூலை மாதத்தில் பேகம்பேட்டையிலிருந்து கிளம்பும் பலூன் முதலில் கிழக்கே நகரும். நல்ல உயரத்துக்குப் போனதும் அப்படியே திரும்பி மேற்கே ஓடத் தொடங்கிவிடும்.