கிளிப் போடுமுன் ஒரு பக்கத் தாள்

பள்ளி விடும் நேரத்தில் மல்லேஸ்வரம் சம்பிகே சாலையை ஒட்டிய பல் மருத்துவ நிலையங்களில் சீருடை கலையாத பிள்ளைகளைக் காண்கிறோம். உடன் வந்திருப்பவர் பெரும்பாலும் பாட்டி. பெற்றோர் அலுவலகத்தில் இருப்பர். பல் சீரமைப்பு வல்லுநர் கால் மணி நேரம் விளக்கிய யாவும், வீடு சேரும்போது "ரெண்டு வருஷமாம், மாசாமாசம் வரணுமாம்" என்று சுருங்கிவிடுகிறது.

ஆனால் பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிரம்பும்வரை ஒப்புதல் கையொப்பம் பெற்றோருடையது. சமீரா கோலி வழக்கில் 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், முக்கிய அபாயங்கள், மறுத்தால் நேரக்கூடியவை ஆகியவற்றை அறிந்தபின் தரப்படுவதே ஒப்புதல்.

நேரில் கேட்டவர்க்கும் நினைவு நிற்பதில்லை. அமெரிக்காவில் 2003இல் வெளியான ஓர் ஆய்வில், பல் சீரமைப்பு பற்றிய விளக்கம் கேட்ட பெற்றோர், தமக்குச் சொல்லப்பட்ட அபாயங்களில் பாதியைக்கூட நினைவுகூரவில்லை. கடன் பத்திரங்களில் படியாமலே கையொப்பமிடுவோரை அன்றாடம் காணும் நமக்கு இது வியப்பன்று.

நம் துறையில் இதற்கு ஒரு தீர்வு வந்துள்ளது. 2024 அக்டோபர் 1 முதல், புதிய சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவரங்கள் அடங்கிய தாளைக் கடன் பெறுபவர்க்குப் புரியும் மொழியில் தந்து, விளக்கி, ஒப்புகை பெறவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பல் மருத்துவரிடமும் இத்தகைய ஒரு தாளைக் கேட்டுப் பெறலாம் என்பது நம் கருத்து. கன்னடமும் தமிழும் தெலுங்கும் புழங்கும் இவ்வூரில் ஆங்கிலப் படிவம் மட்டும் போதாது.

அத்தாளில் என்ன வேண்டும்? கிளிப் எதற்காக, இப்போதே வேண்டுமா, சில ஆண்டுகள் பொறுக்கலாமா என்பது முதலில். இடம் போதாமல் முன்கடைவாய்ப் பற்களை எடுக்க நேருமாயின் எத்தனை, எவை என்பது அடுத்து; பெற்றோர் பின்னர் அதிர்ச்சியடைவது பெரும்பாலும் இங்குதான். சரிவரத் துலக்காவிடில் பற்களில் வெண்திட்டுகள் படியும், ஈறு வீங்கும், சிலருக்குப் பல்வேர் சற்றே குறுகும். கிளிப்பைக் கழற்றியபின் ரிடெய்னர் அணியாவிடில் பற்கள் பழைய இடம் நோக்கி நகரும். இதனைச் சிகிச்சையின் முடிவில் அன்றி, தொடக்கத்திலேயே சொல்லவேண்டும்.

வாய்மொழி விளக்கத்துடன் பல் அச்சு மாதிரியையும் எக்ஸ்ரே படத்தையும் காட்டினால் எளிதில் விளங்கும். கேட்டதைப் பெற்றோரையே திருப்பிச் சொல்லச் செய்வது இன்னும் நல்லது. வர இயலாதவர்க்குக் கைபேசியில் காணொளி அழைப்பு உள்ளது. பிள்ளையையும் கேட்கவேண்டும், ரப்பர் வளையத்தை நாள்தோறும் மாட்டப்போவது அப்பிள்ளைதானே!

கட்டணப் பகுதியில் எக்ஸ்ரே, பல் எடுப்பு, உடைந்த பிராக்கெட்டை மாற்றுதல், ரிடெய்னர் ஆகியவை மொத்தத் தொகைக்குள் அடங்குமா, தனியா எனக் குறித்திருத்தல் நன்று. மாதத் தவணையில் செலுத்துவோர், சிகிச்சை இடையில் நின்றால் மீதித் தொகை என்னாகும் என்பதையும் கேட்டறிக. 'வட்டியில்லாத் தவணை' எனில், செயலாக்கக் கட்டணத்தையும் விட்டுப்போகும் தள்ளுபடியையும் கூட்டிப் பார்க்கவேண்டும்.

வங்கிப் பணியாளர் குடும்பங்கள் நன்கறிந்த ஒன்று இடமாற்றம். நடுவில் ஊர் மாற நேர்ந்தால் புதிய மருத்துவர் முதலில் கேட்பது தொடக்கநிலை எக்ஸ்ரே, ஒளிப்படங்கள், சிகிச்சைத் திட்டம் ஆகியவற்றையே. அவற்றின் நகல்களை முதல் மாதத்திலேயே வாங்கி, தாளுடன் சேர்த்து ஒரே கோப்பில் வைத்துக்கொள்க.